விளக்கை அணைத்தால் பில் குறையாது

கரண்ட் பில் தொகை மொபைலுக்கு வந்துவிட்டால் பல வீடுகளில் விசாரணை ஆரம்பமாகிவிடும். பாத்ரூம் லைட்டை யார் எரியவிட்டது, ஹாலில் ஆளில்லாமல் ஃபேன் ஏன் சுற்றியது, சார்ஜரை ஏன் பிளக்கிலேயே விட்டாய்? பிள்ளைகள் திட்டு வாங்குவார்கள். நாள் முழுக்க வீட்டில் இருப்பவள் என்ற ஒரே காரணத்துக்காக அம்மாவும் வாங்குவாள். வயதான பாட்டி தானாகவே எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு, விசிறியோடு வாசற்படியில் உட்கார்ந்துகொள்வாள்.

இந்த எண்ணம் வீட்டோடு நிற்பதுமில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் மின்சிக்கன வார விழா வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து ஊர்வலம் போகிறார்கள். பத்திரிகைகளின் குடும்பப் பக்கங்கள் ‘கரண்ட் பில்லைக் குறைக்க 20 வழிகள்’ என்று வருடாவருடம் அதே இருபதை அச்சிடுகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: பில் ஏறுவது வீட்டாரின் அலட்சியத்தால், அவர்கள் ஒழுங்காக இருந்தால் பில் தானாக இறங்கிவிடும்.

இந்த நம்பிக்கை தவறானது. அநியாயமானதும்கூட. வீட்டு மின்கட்டணத்தைத் தீர்மானிப்பவை மூன்று: வீட்டில் ஓடும் இயந்திரங்கள், தலைக்கு மேலே இருக்கும் கூரை, மின்வாரியத்தின் கட்டணப் படிநிலைகள். இந்த மூன்றையும் தொடாமல் ஸ்விட்சைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் பணமும் மிச்சமாவதில்லை, வீட்டில் நிம்மதியும் இருப்பதில்லை.

விளக்கை அணைக்கச் சொன்ன அறிவுரை ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. அது குண்டு பல்பு காலம். 60 வாட் பல்பு ஐந்து, தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் நாளுக்கு ஒன்றரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட். அன்றைய வீட்டில் ஏசியும் இல்லை, ஃபிரிட்ஜும் எல்லா வீட்டிலும் இல்லை. பில்லில் பெரும்பங்கு விளக்கினுடையது. ‘லைட்டை அணைடா’ என்று தாத்தா அதட்டியதில் கணக்கு இருந்தது. 2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா எல்இடி பல்புத் திட்டம் வந்து, எல்இடி பல்பின் விலை சரிந்து, தெருமுனைக் கடைவரை அது வந்து சேர்ந்த பிறகு அந்தக் கணக்கு செத்துப்போனது. இன்று அதே வெளிச்சத்தை 9 வாட் பல்பு தருகிறது. அதே ஐந்து பல்பு, அதே ஐந்து மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 13.5 யூனிட்தான் ஆகிறது. பல்பு மாறியது, அதட்டல் மாறவில்லை.

பாத்ரூம் லைட் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு 9 வாட் பல்பை ஒரு பையன் தினமும் மூன்று மணி நேரம் வீணாக எரியவிடுகிறான். இரண்டு மாதத்தில் ஆகும் செலவு 1.6 யூனிட். யூனிட் நான்கரை ரூபாய் என்றால் ஏழு ரூபாய் சொச்சம். அந்த ஏழு ரூபாய்க்காக அறுபது நாள் அவன் வசவு கேட்கிறான். சார்ஜர் அதைவிடச் சின்னது. போன் மாட்டாமல் பிளக்கில் கிடக்கும் இன்றைய சார்ஜர் இழுப்பது ஒரு வாட்டில் கால் பங்குகூட இல்லை. இரண்டு மாதம் அப்படியே கிடந்தாலும் அரை யூனிட்டைத் தாண்டாது. தூங்கப் போகும் முன் வீடு முழுக்க நடந்து சார்ஜர்களைப் பிடுங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அதே வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் செட்டாப் பாக்ஸ் சிவப்பு விளக்கோடு இரவு பகலாக விழித்திருக்கும். டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் அந்தப் பெட்டி ஏறக்குறைய முழு மின்சாரத்தையும் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். 10 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். நாற்பது சார்ஜருக்காவது சமமான அந்தப் பெட்டியைப் பற்றி எந்த ஊர்வலப் பதாகையும் பேசுவதில்லை.

‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்பார்கள். பழமொழியில் குற்றமில்லை, ஆனால் துளியின் அளவைப் பார்க்க வேண்டாமா? வீட்டிலுள்ள எல்லோரும் இரண்டு மாதம் துறவிபோல இருந்து விளக்கிலும் சார்ஜரிலும் மிச்சம் பிடித்தால் ஐந்தாறு யூனிட் தேறும். மேல்மாடி அறையில் ஒன்றரை டன் ஏசி ஓடும் வீட்டில் அது ஒரே ஓர் இரவின் செலவு. ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரையைப் படித்துப் பாருங்கள். வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் ஆகும் என்று அதிலேயே போட்டிருக்கும். மூன்று நட்சத்திரத்துக்கு ஏறக்குறைய 1,000, ஐந்து நட்சத்திரத்துக்கு 750 முதல் 800. இரவுக்கு எட்டு மணி நேரமென்றால் அறுபது இரவில் மூன்று நட்சத்திர ஏசி 300 யூனிட் சாப்பிடும். சித்திரை வைகாசியில் அதற்கு மேலும் போகும்.

ஏசி இல்லாத வீட்டின் பெரிய செலவாளி சீலிங் ஃபேன். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். ஏனென்றால் பணத்தையும் உடம்பையும் ஒருசேரக் காப்பாற்ற வழி இருந்தும், ‘ஃபேனை நிறுத்து’ என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். அது காயில் கட்டிய ஃபேனாக இருந்தால் இன்னும் கூடுதலாக இழுக்கலாம். எரிந்துபோன மோட்டாருக்கு நானூறு ஐந்நூறு கொடுத்து காயில் கட்டி ஓட்டுவதுதான் நம் ஊர் வழக்கம். சுவரில் கனமான பழைய ரெகுலேட்டர் பெட்டி இருந்தால், வேகத்தைக் குறைத்தாலும் மிச்சமாக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி அந்தப் பெட்டிக்குள் சூடாகிப் போய்விடும். கையை வைத்துப் பாருங்கள், தெரியும். இன்று கடையில் கிடைக்கும் பிஎல்டிசி ஃபேன் அதே காற்றை 30 வாட் அளவில் தருகிறது. தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் பழைய ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 54 யூனிட், புதியதற்கு 22-க்கும் கீழே. ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். இதற்காக யாரும் வியர்க்க வேண்டாம், பாட்டி வாசற்படிக்குப் போக வேண்டாம்.

அடுத்தது கட்டணப் படிநிலை. இதைப் புரிந்துகொள்ளாமல் சிக்கனம் பேசுவது வீண். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். 2024 ஜூலையில் இது 4.83 சதவீதம் ஏறியது. படிகளின் அமைப்பு அப்படியே இருந்தது. அந்த 2022 கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். 500 யூனிட்டுக்கு பில் 1,725 ரூபாய். இப்போது ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகட்டும். 2.25 என்ற சலுகைப் படி மொத்தமாக மறைந்துவிடும். 101-லிருந்தே 4.50 ரூபாய் என்று கணக்கு திரும்ப எழுதப்படும். பில் 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. சேமித்த யூனிட்டின் மதிப்பு எல்லா வீட்டிலும் ஒன்றல்ல. 600 யூனிட் ஆகும் வீடு 500-க்கு இறங்கினால் 1,025 ரூபாய் மிச்சம். 200 யூனிட் ஆகும் வீடு வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி 180-க்கு இறங்கினால் மிச்சம் 45 ரூபாய். 100-க்குள் இருக்கும் வீடு பாதியாகக் குறைத்தாலும் ஒரு பைசா மிஞ்சாது. அறிவுரையோ எல்லோருக்கும் ஒரே மாதிரி போகிறது. கேட்டுப் பணிகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு வீட்டுக்காரர்கள்.

2022 கட்டண உயர்வின்போது அரசே சொன்ன கணக்கு இது: வீடு, குடிசை இணைப்புகள் 2.37 கோடி, அவற்றில் ஒரு கோடிப் பேர் 100 யூனிட்டுக்குள் இருப்பதால் அவர்களுக்கு உயர்வே இல்லை. அதாவது பத்தில் நான்கு வீடுகள் நாளொன்றுக்கு 1.67 யூனிட்டுக்குள் வாழ்கின்றன. ஒரு ஃபேன், இரண்டு மூன்று விளக்கு, டிவி, காலையில் கொஞ்சம் மிக்சி என்று முடிந்துவிடும் வாழ்க்கை அது. ‘இலவச மின்சாரம் மக்களை ஊதாரி ஆக்கிவிட்டது’ என்று விவாதங்களில் கூசாமல் பேசுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். இலவசம் ஊதாரி ஆக்கியிருந்தால் ஒரு கோடி வீடுகள் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்குமா?

மறுபுறம் 500 கோட்டை ஒட்டி வாழும் நடுத்தர வீடுகள். இங்கே ரீடிங் எடுக்கும் நாள்கூடப் பில்லை மாற்றிவிடும். நாளுக்கு எட்டு யூனிட் ஆகும் ஒரு வீட்டில் சரியாக அறுபதாம் நாள் அளவெடுத்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். அளவெடுப்பவர் ஐந்து நாள் தாமதித்து வந்து, 500 என்ற கோடு மட்டும் அசையாமல் நின்றால் 520 யூனிட், 2,110 ரூபாய். அடுத்த முறை ஐந்து நாள் குறைந்து 440 ஆகி, 1,365 ரூபாய் வரும். இரண்டையும் கூட்டினால், ஒழுங்காக எடுத்த இரண்டு பில்லைவிட 265 ரூபாய் அதிகம். அந்த வீட்டார் ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாக எரிக்கவில்லை. தாமதமாக அளவெடுப்பது குறித்த புகார் இந்த மாநிலத்தில் பழையது. அந்த 265 ரூபாய்க்கும் பாத்ரூம் லைட்தான் பழி சுமக்கிறது.

மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. அது ஆட்சிக்கு வந்து நான்காம் ஆண்டு முடிந்தபோதும் இரண்டு மாதக் கணக்குதான் இருந்தது. மாதக் கணக்கு வந்தால் பில் பாதியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. படிகளையும் பாதியாக்கினால் பணத்தில் பெரிய மாற்றம் வராது என்பதே என் கணக்கு. ஆனாலும் மாதக் கணக்கு வேண்டும், காரணம் வேறு. ஏப்ரலில் எரித்ததை ஜூனில் சொன்னால் யாரால் எதைத் திருத்த முடியும்?

வாடகை வீட்டுக்கு வந்தால் இந்தச் சிக்கன உபதேசத்துக்குத் தரையே இல்லை. ஒரே இணைப்பில் இரண்டு போர்ஷன், ஆளுக்கொரு சப்-மீட்டர், ‘யூனிட்டுக்கு எட்டு ரூபா’ என்ற வாய்மொழி ஒப்பந்தம். நகரங்களில் இது சர்வ சாதாரணம். போர்ஷனுக்கு 300 யூனிட் ஆகிறது என்று வைப்போம். தனித்தனி இணைப்பாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் 675 ரூபாய்தான் பில். சேர்ந்து 600 ஆகிவிட்டதால் மொத்த பில் 2,750. குடியிருப்போரிடம் எட்டு ரூபாய் வீதம் வாங்கும் தொகை 4,800. நூறு யூனிட் இலவசம் என்ற அரசின் சலுகை அந்த வாடகைக் குடும்பத்தின் வாசலைக் கூட மிதித்ததில்லை. 675 கட்ட வேண்டியவர்கள் 2,400 கட்டுகிறார்கள். அவர்களிடம் போய் ‘அயர்ன் பாக்ஸை வாரம் ஒரு முறை மட்டும் போடுங்கள்’ என்று சொல்வது என்ன நியாயம்?

கூரைக்கு வருகிறேன். சென்னையிலோ மதுரையிலோ வேலூரிலோ மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் வீட்டில் மே மாதம் படுத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், இரவு பன்னிரண்டு மணிக்கும் அதை உள்ளே கக்கிக்கொண்டிருக்கும். சுவரைத் தொட்டால் சுடும், டேங்க் தண்ணீர் கொதிக்கும், ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றி அனுப்பும். அந்த வீட்டுக்காரர் கடன் வாங்கி ஏசி போடுகிறார் என்றால் அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. முன்பு தளம் போட்டால் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதிப்பார்கள். இன்று வாடகைக்கு விடக் கட்டும் எத்தனையோ வீடுகளில் வெறும் தளத்தோடு விட்டுவிடுகிறார்கள். கட்டும்போது உரிமையாளர் மிச்சம் பிடித்த பணத்தைக் குடியிருப்பவர் ஒவ்வொரு பில்லிலும் கட்டிக்கொண்டிருக்கிறார். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பூச்சோ அடித்தால் கீழே அறையின் சூடு இரண்டு மூன்று டிகிரி வரை இறங்கும். தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது.

ஏசியின் அளவை 24 டிகிரியில் வைக்கச் சொல்வது நல்ல அறிவுரை. அதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகமே சொல்கிறது. 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. கவனியுங்கள், இதிலும் வேலை செய்தது உபதேசம் அல்ல, இயந்திரத்துக்குள் வைத்த விதி. டேங்க் நிரம்பி வழியும் மோட்டார், மறந்துபோய் ஒரு மணி நேரம் ஓடும் ஹீட்டர், ரப்பர் தளர்ந்து கதவு சரியாக மூடாத ஃபிரிட்ஜ். இவற்றில் வீட்டாரின் கவனத்துக்குப் பலன் உண்டு. 2,000 வாட் ஹீட்டர் தினம் அரை மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். கோடையில் மேல்டேங்க் தண்ணீரே சுடும்போது ஹீட்டர் ஸ்விட்ச் பக்கம் போகவே வேண்டாம். கவனத்தை இங்கே செலவழியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

‘விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தானே, அதை ஏன் எதிர்க்க வேண்டும்?’ என்று கேட்பார்கள். பழக்கத்தை யாரும் எதிர்க்கவில்லை. அதைப் பில்லுக்கு மருந்தாக விற்பதைத்தான் எதிர்க்கிறேன். அந்த மருந்தை நம்பியதால் வந்த கெடுதல் கண்ணெதிரே இருக்கிறது. அடுப்படியில் நின்று வேகும் பெண் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடத் தயங்குகிறாள். வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளிலும் முதியவர்கள் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சூட்டில் உடம்பு கெட்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை போய்வந்தால் பல வருட ஃபேன் செலவு ஒரே நாளில் கரைந்துவிடும்.

அப்படியானால் என்ன செய்வது என்று கேட்பது நியாயம். 560 யூனிட் ஆகும் வீடு மூன்று பழைய ஃபேனை மாற்றினால் 463-க்கு வந்துவிடும். பில் 2,430-லிருந்து 1,503-க்கு இறங்கும். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்றாலும் இரண்டு வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். பணம் இருப்பவர்கள் இதை நாளையே செய்யலாம். 100 யூனிட்டுக்குள் இருக்கும் ஏழைக்கு அந்த மாற்றத்தால் காசு மிஞ்சாது. அதனால் அவர் வாங்கமாட்டார், வாங்கவும் முடியாது. ஆனால் அவர் வீட்டில் மிஞ்சும் 32 யூனிட்டுக்கு நான்கரை ரூபாய் வீதம் மானியம் கொடுப்பது அரசு. இரண்டு மாதத்துக்கு 145 ரூபாய், வருடத்துக்கு 870 சொச்சம். 3,000 ரூபாய் ஃபேனை அரசே இலவசமாகக் கொடுத்தாலும் மூன்றரை வருடத்தில் மானியச் செலவில் அது ஈடாகிவிடும். 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று வீடு வீடாகக் கொடுத்துக் காட்டிய மாநிலம் இது. அந்த விநியோக அனுபவம் அரசிடம் இருக்கிறது. மத்திய அரசின் வீட்டுக்கூரைச் சூரியமின் திட்டம் 2024-ல் வந்தது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். சொந்தக் கூரை உள்ளவருக்கு அது நல்லது, எடுத்துக்கொள்ளட்டும். கூரையே இல்லாதவருக்கு ஃபேனாவது கொடுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவை இவை: 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு பிஎல்டிசி ஃபேன், அளவெடுக்கும் நாள் தள்ளிப்போனால் அந்த நாட்களுக்கேற்பப் படிகளும் நீள வேண்டும், 501-வது யூனிட்டில் பில் தாவும் அந்தச் செங்குத்து ஏற்றத்தைச் சரிவாக்க வேண்டும், ஒவ்வொரு வாடகைப் போர்ஷனுக்கும் தனி இணைப்பு, புதிதாகக் கட்டும் வீட்டின் மேல்தளத்துக்கு வெப்பத் தடுப்பு கட்டாயம்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். அடுத்த பில் வரும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து, வீட்டில் எது எத்தனை வாட், எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதுங்கள். ரீடிங் எடுத்த தேதியையும் பக்கத்தில் குறியுங்கள். நாற்பத்தைந்தாம் நாள் மீட்டரை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாட்டி இருக்கும் அறையில் ஃபேன் ஓடட்டும்.